ஜல்லியின் மேல் மணல்

என் மகனே,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அப்பாவிடம்கூட வேண்டாம், அவர் யாராக இருந்தாலும். உன் தாத்தா கண்ணில் இது படவே கூடாது. நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இன்னும் பதினாறு முடியவில்லை. பத்தாம் வகுப்பில் தேறிவிட்டேன் என்று தெரிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில், கடலை மூட்டை அடுக்கிய சின்ன அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, விளக்குத் திரியைப் பாதிக்கு இறக்கிவைத்து எழுதுகிறேன். கல்யாணம் பேசுகிற வீட்டில் பெண் ஒளிந்துகொண்டு கடிதம் எழுதினாள் என்று தெரிந்தால், யாருக்கு எழுதினாள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். என் மகனுக்கு என்று சொன்னால் இன்னும் இரண்டு அடி சேர்ந்து விழும்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிற நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். மகளுக்கு எழுதாமல் மகனுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். மகளாக இருந்தால் இதில் பாதி அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். நீ ஒருநாள் அப்பாவாகப் போகிறவன். உன் பெண் ஏதோ ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து உன் முன்னால் நிற்பாள். அப்போது உனக்கு இது வேண்டியிருக்கும்.

இப்போது வெளியே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உன் தாத்தா, அதாவது என் அப்பா, உட்கார்ந்திருக்கிறார். அவர் சட்டைப் பையில் ஒரு படிவம் நாலாக மடித்து இருக்கிறது. டவுனில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு. எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். பெற்றோர் கையொப்பம் என்ற கோடு மட்டும் காலியாக இருக்கிறது. நாளைதான் கடைசி நாள். வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சொந்த வேன் வைத்திருக்கிறார், இருபத்தெட்டு வயது. அப்பா அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். போடாவிட்டால் வருவார்கள். இவ்வளவுதான் விஷயம். கட்டில் கிறீச்சிடும்போதெல்லாம் பேனாவை மூடிவிட்டுக் காத்திருக்கிறேன்.

அப்பா கதவைத் தட்டுவது எப்போதும் உள்ளங்கையால். வீடு அதிரும். மூட்டைகளின் மேல் படிந்த தூசி எழும்பும். பம்பு செட்டை யார் நிறுத்தாமல் விட்டது, ரேடியோவை யார் திருகியது, எல்லாவற்றுக்கும் கதவில் விழுகிற அந்த ஒரே அறைதான். விரலை மடக்கி, ஒற்றை மொட்டியால் அவர் கதவைத் தட்டி நான் கேட்டது இரண்டே தடவை. ஒன்று, எங்கள் செவலைப் பசு விடியற்காலையில் கன்று போட்டபோது, அம்மாவை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்ட. இன்னொன்று, டீக்கடையில் பேப்பரில் என் நம்பரைப் பார்த்துவிட்டு வந்தபோது. அறிவியல்படி பார்த்தால், ஒரே பலத்தில் தட்டினால் விரல் மொட்டிக்குக் கீழேதான் கதவின் மேல் அழுத்தம் அதிகம். பயம் என்னவோ உள்ளங்கைக்குத்தான். இந்தக் கணக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புத்தகத்தில் இருந்தது ஒரே ஒரு வரி, எட்டாம் வகுப்பில். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். விசை என்றால் தள்ளுகிற பலம், அல்லது மேலே இருக்கிற எடை. பரப்பு என்றால் அது எவ்வளவு இடத்தில் போய் உட்காருகிறது என்பது. அதே எடை அகலமாக உட்கார்ந்தால் அழுத்தம் குறைவு, ஊசிமுனையில் உட்கார்ந்தால் அதிகம். மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். நானும் செய்தேன். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வீடு முழுவதும் அதுவாகவே இருந்தது. அம்மா தண்ணீர்க் குடத்துக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கும் சும்மாடு. குடம் மாறவில்லை, எடை மாறவில்லை, துணிச்சுருள் அந்த எடையை விரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அரிவாளைத் தீட்டும்போது நாம் அதன் விளிம்பை மெலிதாக்குகிறோம். கையின் பலம் பழைய பலம்தான். என் புத்தகப் பையின் காது அறுந்தபோது சணல் கயிறு கட்டிக்கொண்டு போனேன், தோளில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அம்மா பழைய பாவாடையில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டை தைத்துக் கொடுத்த மறுநாள், அதே புத்தகங்கள் பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தன. அப்பா சேற்றில் நடந்தால் முழங்கால் வரை புதைவார். சேற்றைச் சமன்செய்ய மாடு இழுக்கிற நீளப் பலகை இருக்கிறதே, பரம்பு, அதன்மேல் ஏறி நின்று ஓட்டினால் புதையமாட்டார். அவருக்கு இது அந்த வரி அச்சாகும் முன்பே தெரியும். பெயர்தான் தெரியாது.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். உன் அம்மா தப்பே செய்யாதவள் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எங்கள் கழனி கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமி தோறும் கால் வலித்தவர்கள் வரப்பில் உட்காருவார்கள். பின்னால் வருகிறவர்கள் வரப்பில் நடப்பார்கள். அதற்கும் பின்னால் வருகிறவர்கள் பயிரில் நடப்பார்கள். சாமி கும்பிடப் போகிறவர்களை விரட்டவும் முடியாது. போன கார்த்திகைக்கு முன்னால் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது நான்தான் போய்ச் சொன்னேன்.

“வேலிகாத்தான் முள்ள வெட்டி வரப்பு மேல போட்டுடலாம்பா.”

“மிதிச்சிட்டுப் போவான்.”

“கிரிவலத்துக்கு யாருப்பா செருப்பு போட்டுனு வர்றாங்க? முள்ளு நுனி எவ்ளோ சின்னது பாருங்க. ஆளோட வெயிட்டு மொத்தமும் அந்த நுனியிலதான் எறங்கும். ஒரு தபா மிதிச்சா அப்புறம் யாரும் வரமாட்டாங்க.”

அப்பா சிரித்தார். “படிச்ச புள்ள சொல்லுது,” என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அவரே போய் வெட்டினார். நான் கூடவே போய் வரப்பு நெடுக அடுக்கினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. தீபத்தன்று இருட்டில் ஒரு அம்மா மிதித்துவிட்டாள். குதிகாலில் ஏறிய முள் உள்ளேயே முறிந்துகொண்டது. எங்கள் வாசலில் உட்காரவைத்து, என் அம்மா ஊக்கைத் தீயில் காட்டி முள்ளை எடுத்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கத்தவில்லை. “யாரு போட்டாங்களோ தெரியலம்மா. பயிரு போவுதேன்னு அவங்களுக்கும் வயித்தெரிச்சலா இருந்திருக்கும்,” என்று மட்டும் சொன்னாள். பிறகு காலில் துணி சுற்றிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றாமல், நுனிக்காலால் மீதி மலையைச் சுற்றப் போனாள்.

மறுநாள் அப்பா முள்ளை எல்லாம் வாரிக் கொளுத்திவிட்டார். அன்றிலிருந்து படிப்பு என்று நான் வாயெடுத்தால் ஒரே பதில்தான். “உன் படிப்பு முள்ளு போடத்தான் ஒதவுது.” எப்படி எதிர்த்துப் பேசுவேன்? அது உண்மையாக இருந்தது. ஆறு மாதமாக அந்த வார்த்தை என் குதிகாலில் முறிந்துகொண்டு நிற்கிறது.

இப்போது இந்த வைகாசிக்கு வருகிறேன். பாதையைத் தார் ரோடாக்குகிறார்கள். எங்கள் கழனிக்கு நேராக நூறு அடி நீளத்துக்கும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்கும் ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டு, ரோடு ரோலர் வேறெங்கோ போயிருக்கிறது என்று ஆட்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். முட்டை அளவுக் கற்கள், உடைத்த முனைகள் அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் பௌர்ணமி. ரோட்டோரத்திலேயே எங்கள் நாற்றங்கால், விதைத்து இருபது நாள், பாய் விரித்ததுபோல் பச்சை. அது மிதிபட்டால் நடுவதற்கு நாற்று இல்லை. அந்தப் போகமே இல்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வந்து ஜல்லியைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார். அவருக்கு எழவு வீட்டிலும் ஒரு கேலி வேண்டும்.

“இன்னாண்ணா, ஜனங்க படுத்துக்க மெத்தை போட்டு வெச்சிகிறியா?”

“கயிறு கட்டலாம்னு கீறேன்,” என்றார் அப்பா.

“கட்டு. ஈர வேட்டி காயப்போடத் தோதா இருக்கும்.”

நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முள் விஷயத்துக்குப் பிறகு கழனியைப் பற்றி நான் வாயைத் திறந்ததே இல்லை. அன்று எப்படியோ வந்துவிட்டது. “அவங்க கழனிக்கு ஆசப்பட்டு எறங்கலப்பா. ரோடு குத்துது, எறங்குறாங்க. குத்தலன்னா ரோட்டுலயே போயிடுவாங்க.”

“ஜல்லிகிட்ட போயி சொல்லு பாப்பா, குத்தாதன்னு,” என்றார் சித்தப்பா.

“ஓடை மணலக் கொட்டணும். இப்ப காலு நாலஞ்சி முனைலதான் நிக்குது. சந்துல மணலு ரொம்பிட்டா பாதம் முழுசும் நிக்கும்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “முள்ளு சொன்னதும் இந்த வாயிதான்,” என்றார்.

மகனே, அந்த இடத்தில் நான் அழுதுகொண்டு உள்ளே போயிருக்கலாம். எத்தனையோ நாள் போயிருக்கிறேன். நேற்றுக் காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். பத்து நடை நடந்து, ஆள் படுக்கிற நீளத்துக்கு ஜல்லியின் மேல் மணலைக் கொட்டிக் காலால் நிரவினேன். அப்பா பல் துலக்கிக்கொண்டே வந்தார். “நடந்து பாருங்கப்பா, சும்மா,” என்றேன். அவர் பாதம் கழனியில் காய்ந்து காய்ந்து தோல் செருப்புபோல் ஆனது. அப்படியும் ஜல்லி மேல் வந்தபோது முழங்கால் மடங்கியது, கைகள் இரண்டும் தானாக விரிந்தன. அப்புறம் மணலில் கால் வைத்தார். நிமிர்ந்தார். நாலு எட்டு நடந்ததும் மணல் முடிந்துவிட்டது. அவர் ஜல்லியில் இறங்கவில்லை. திரும்பி, அதே மணலின் மேலேயே மறுபடி நடந்து வந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “எத்தினி வண்டி ஆவும்?” என்று கேட்டார்.

அவர் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்பது வண்டி ஆயிற்று. அப்பா, அம்மா, சித்தப்பா, நான், நாலு பேரும் அள்ளினோம். மூன்றாவது வண்டியில்தான் பார்த்தேன். கொட்டுகிற மணல் எல்லாம் கற்களின் சந்தில் இறங்கிப் போய், முனைகள் மறுபடியும் மேலே எட்டிப் பார்த்தன. “ரோடு மணலக் குடிக்குதுண்ணா,” என்றார் சித்தப்பா. நான் இதை யோசிக்கவே இல்லை. புத்தகத்தில் மணல் இறங்கும் என்று எழுதியிருக்கவில்லை. அப்பா குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்துவந்து மணலை நனைக்கச் சொன்னார். நனைந்தது இறுகி நின்றது. அதற்கு மேல் இன்னொரு பூச்சு மணல். பிறகு மாடுகளில் பரம்பைப் பூட்டி ரோட்டுக்கு ஓட்டிவந்தார். சேற்றில் மட்டும் ஓடுகிற பலகை ரோட்டுக்கு வந்ததை எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பலகையின் மேல் பாரத்துக்கு ஒரு ஆள் நிற்கவேண்டும். சித்தப்பா ஏறப்போனார்.

“நீ எறங்கு,” என்றார் அப்பா. “சொன்னவ நிக்கட்டும்.”

எங்கள் ஊரில் பெண்கள் பரம்பில் ஏறுவதில்லை. நான் பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினேன். மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நூறு அடி போய், நூறு அடி திரும்பி, எத்தனை தடவை என்று ஞாபகமில்லை. எதிரே மலை முழுசாகத் தெரிந்தது. என் எடை ஒரு முனையிலும் குத்தாமல் அந்த ரோடு முழுவதும் பரவி இறங்குவது என் உள்ளங்காலில் தெரிந்தது. நாளை எது நடந்தாலும் அந்த நூறு அடியை யாரும் என்னிடமிருந்து திருப்பி வாங்க முடியாது.

மத்தியானம் ரோடு வேலை மேஸ்திரி சைக்கிளில் வந்து இறங்கினார். “யாரு ரோட்டுல கைய வெச்சது?” என்று சத்தம் போட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து கையால் தட்டிப் பார்த்தார். “ஜல்லி மேல ரோலர ஓட்டிட்டு மண்ணப் போட்டுத் தண்ணி அடிக்கிறதுதான் எங்க வேலையும். பாதி நீங்களே செஞ்சிட்டீங்களே. யாரு சொல்லிக் குடுத்தது?” அப்பா என்னைக் காட்டவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டே, “வூட்ல ஒரு புஸ்தகம் கீது,” என்றார்.

நிலா எழும்பியதும் கூட்டம் வந்தது. நாங்கள் நாலு பேரும் நாற்றங்கால் ஓரத்தில் நின்றோம். கையில் கயிறு இல்லை, குச்சி இல்லை. எங்கள் ரோட்டுக்கு முன்னால் எல்லோரும் நுனிக்காலில் துள்ளித் துள்ளி வந்தார்கள், அந்தப் பக்கமும் கொஞ்ச தூரத்துக்குப் புது ஜல்லி. முதலில் வந்த கிழவர் எங்கள் வரப்பைப் பார்த்தார். ஒரு காலை எடுத்து இறங்கவும் போனார். மறுகால் மணலில் பட்டது. அப்படியே நின்று, எடுத்த காலையும் மணலிலேயே வைத்து, நடந்து போய்விட்டார். அவர் பின்னால் வந்தவரும் போனார். அவர் பின்னால் வந்தவர்களும். எத்தனை ஆயிரம் பேர் என்று தெரியாது. இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருத்தி நடு மணலில் நின்று மூச்சு வாங்கினாள். “இங்க மட்டும் காலு வலிக்கல. யாரு செஞ்ச புண்ணியமோ,” என்றாள். சித்தப்பா சும்மா இருப்பாரா? “தோ, எங்க அண்ணன் பொண்ணு. புஸ்தகத்தப் பாத்து செஞ்சிச்சு,” என்றார். அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஒரு கும்பிடு போடவைத்தாள். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முள் தைத்த அந்த அம்மாவை நான் தேடிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வந்திருந்தாலும் நிலவில் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

விடிந்து பார்த்தால் நாற்றங்காலில் ஒரே ஒரு கால்தடம். சித்தப்பாவுடையது, தூக்கத்தில் தடுமாறிக் காலை விட்டிருந்தார். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் படிவத்தை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தார். “யோசிக்கணும்,” என்றார். “வெள்ளிக்கெழம வர்றாங்கன்னு சொல்லிட்டேனே.”

சாயங்காலம் சாப்பாடு போடும்போது அம்மா பேசினாள். இத்தனை வருஷமாக அவள் எனக்காகப் பேசியதெல்லாம் அங்கங்கே சிதறும். மாட்டைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, நடுவில் என்னைப் பற்றி. அவர் காதில் ஒன்றும் ஏறாது. இன்று சோற்றை வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “ஏங்க, அந்த முள்ள வெட்டுனது நீங்க, அவ சொல்லத்தான் சொன்னா, அந்தத் தண்டனைய மட்டும் ஏன் அவ மேலயே வெக்கிறீங்க?” அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அதிலிருந்து அங்கேதான் இருக்கிறார்.

மகனே, உனக்குப் பலம் இருக்கும். அப்பா என்ற இடத்தில் உட்காருகிற எல்லோருக்கும் இருக்கிறது, நீ கேட்காமலே வந்துவிடும். அதை எங்கே, எவ்வளவு அகலத்தில் வைக்கிறாய் என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது. என் புத்தகம் முள்ளையும் சொல்லிக்கொடுத்தது, மணலையும் சொல்லிக்கொடுத்தது. இரண்டும் அதே வரிதான். எதை அள்ளிக்கொண்டு போவது என்பதை நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, அதுவும் வேறொருத்தியின் குதிகாலில். உன் பெண் தப்பான கணக்கோடு ஒருநாள் உன் முன்னால் வந்தால், அந்த ஒரு தப்பின் முனையில் அவளுடைய மொத்த வாழ்க்கையையும் நிறுத்தாதே. அவளுக்கு இன்னொரு கூடை மணல் அள்ள நேரம் கொடு. பிறகு வெறுங்காலோடு போய் நடந்து பார். உன் தாத்தா நடந்து பார்த்தார். வேறு எதை மறந்தாலும் நான் அதை மறக்கமாட்டேன், கையெழுத்துப் போட்டாலும், போடாவிட்டாலும்.

போடாவிட்டால் என்ன செய்வேன் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். முதலில் வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் முன்னால் நானே நின்று, எனக்கு

கட்டில் கிறீச்சிட்டது. செருப்பில்லாத கால் வாசலில் வருகிறது. விளக்கை அணைக்க நேரமில்லை. கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். காகிதம் மடங்குகிற சத்தமோ, விரிகிற சத்தமோ, தெரியவில்லை.

தட்டுகிறார். உள்ளங்கை இல்லை மகனே. ஒற்றை விரல். மறுபடியும், ஒற்றை